பிலாரம்மாவின் பழைய பெயர்

என் பெயர் க. முத்துக்குமாரசாமி. வயது ஐம்பது. எங்கள் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். சேலம் சாலையிலுள்ள கன்னியர் மருந்தகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிரசவம் பார்த்து, சென்ற மாதம் காலமான சிஸ்டர் மரியா பிலார் அவர்களுக்கு, அவர் சார்ந்த சபையார் ஒரு நினைவு மலர் வெளியிடுகிறார்கள். அம்மலருக்காக இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கு அவர்கள் அறியாத ஒன்றைச் சொல்வதும், அறியாதவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்துவதும் என் நோக்கம்.

இரங்கல் கட்டுரைக்கு உரிய அடக்கம் எது என்பதை நான் அறிவேன். ஆயினும் பிலாரம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா வேகமாக ஓடுகிறது. அவரும் அப்படித்தான், எதையும் நிதானமாகச் சொல்லத் தெரியாதவர். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மருந்தகத்து ஆயா அன்னம்மாள் அவர்கள் பிறப்பு அறிக்கைகளைத் துணிப்பையில் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அன்று மூன்றாம் வாரம்.

“ஏனுங்க அன்னம்மா, இன்னும் மாசம் முடியலையே?” என்று கேட்டேன்.

அவர் பையைத் திறக்கவில்லை. முந்தானையில் மடித்து வைத்திருந்த ஒரே ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பொறப்பு இல்லைங்க. பிலாரம்மாவுதுங்க. வெடியால எந்திரிக்கலைங்க.”

கட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெயர், வயது, பாலினம், இறந்த இடம், தகவல் அளித்தவர் கையொப்பம் எல்லாம் சரியாக இருந்தன. அந்த மருந்தகத்திலிருந்து பிழையே இல்லாமல் வந்த முதல் அறிக்கை அதுதான். அதைப் பிலாரம்மா எழுதவில்லை.

அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே அவருடைய ஒரு பிழையால்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பதிவுப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். வந்த சில வாரங்களில், தறி நெய்யும் ராமசாமி என்பவர் தம் மகனுக்குப் பெயர் சேர்க்க வந்தார். நம் பதிவு முறை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பிறந்தவுடன் குழந்தையின் பிறப்பைப் பதிந்துவிடுவோம். பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவைப்போம். பெற்றோர் பெயர் சூட்டிய பின் ஓராண்டுக்குள் வந்து சொன்னால் சேர்த்துக்கொள்வோம். ராமசாமியின் மகனுக்குரிய பக்கத்தைத் திருப்பினேன். கட்டம் வெறுமையாக இல்லை.

“உங்கள் மகனுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே. அபக்கூக்.”

“அபக்கூக்கா? எவனுங்க அவன்?” என்றார் ராமசாமி. “நான் பழனிசாமின்னு வெக்கலாமுன்னு வந்தேனுங்க.”

பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டினேன். லாரி ஓட்டுநர் நல்லதம்பியின் மகள் ஹாயேல். நெய் வியாபாரி ஒருவரின் மகன் சொஃபோனியாஸ். ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து பிரசவித்த ஒரு பெண்ணின் குழந்தை அப்தியாஸ். எல்லாம் கன்னியர் மருந்தகத்து அறிக்கைகள். எனக்கு முன்பிருந்தவர் ஒரு கேள்வியும் கேளாமல் அப்படியே படியெடுத்திருந்தார்! அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். சினம் இருந்ததை மறைக்கவில்லை.

உயரமான, எலும்பு தெரியும் கைகளுடைய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பெயின் நாட்டவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்ததோ நம் ஊர்த் தமிழ்.

“அழுவாதீங்க சாமி, அழுவாதீங்க. ஆச்சுங்க, ஆச்சு. கண்ணைத் தொறங்க.”

தமிழை அவர் பிரசவ அறையில் கற்றவர். அங்கே எல்லோரும் அவரிடம் ‘ங்க’ போட்டுப் பேசியதால், ‘ங்க’ இல்லாத தமிழ் உண்டென்பதே அவருக்கு வெகுகாலம் தெரியாது. பச்சைக் குழந்தைகளையும் கூட்டிப் பெருக்குபவரையும் மாவட்ட மருத்துவ அலுவலரையும் ஒரே மரியாதையோடு ‘சாமி’ என்றழைத்தார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். பெற்றோர் தெரிவிக்கும்வரை அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்க வேண்டும், மருந்தகத்தாருக்கு அதை நிரப்ப அதிகாரமில்லை என்று விளக்கினேன். அவர் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்! நான் மறுக்கும் முன்பே கொடுத்துவிட்டார்.

“இவங்களைப் பாருங்க. மூக்கு இருக்குது, நகம் இருக்குது, கோவம்கூட இருக்குது. பேரு மட்டும் இல்லையா? எங்க ஊருல பேரு இல்லாத கொழந்தைய எழுதவே மாட்டாங்க சாமி. அந்தக் காலி எடத்தைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க.”

“அதற்காக நீங்களே வைத்துவிடுவதா?”

“சும்மா ஒரு பேரு. அவங்க பேரு வர்ற வரைக்கும், குளிருக்குத் துணி சுத்தற மாதிரி.”

அவருடைய ஊர், ஸ்பெயினின் வடக்கே கோதுமையும் செம்மறியாடுகளும் மட்டுமே உள்ள மேட்டுநிலத்துச் சிற்றூர். அங்கே ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு நாட்காட்டி தொங்கும். ஒவ்வொரு தேதிக்கும் அந்நாளுக்குரிய புனிதர்களின் பெயர்கள் அதில் அச்சாகியிருக்கும். குழந்தை எந்தத் தேதியில் பிறக்கிறதோ அத்தேதியின் பெயரைச் சூட்டிவிடுவதுண்டு. நாம் நட்சத்திரம் பார்த்து எழுத்துத் தேடுவதைப் போன்றதுதான். பெரும்பாலோர் மரியா, ஹோசே, கார்மென் என்ற பழகிய பெயர்களையே எடுத்துக்கொள்வர். ஆனால் அதே பட்டியலில், ஓரத்தில், சிறிய எழுத்தில், பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளும் இருப்பார்கள். எபிரேய மொழியிலிருந்து வந்து, ஸ்பானிய நாக்கில் உருண்டு, யாரும் எடுக்காமல் கிடக்கும் பெயர்கள். பிலாரம்மாவுக்குச் சிறு வயதிலிருந்தே அவற்றின்மீது தனி இரக்கம்.

“யாரும் வாங்காத கொழந்தைங்க மாதிரி நின்னுட்டிருக்குமுங்க” என்றார்.

அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் தம் பெயர்களைத் தம் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அறிக்கையில் எழுதக் கூடாது. பதிலுக்கு நான் ஒவ்வொரு மாதமும், அந்தக் குழந்தைகளுக்குப் பெற்றோர் உண்மையில் சூட்டிய பெயர்களை வந்து சொல்ல வேண்டும். விதிகளில் இதற்கு இடமில்லை, தடையும் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

அந்த மாதாந்திரச் சந்திப்புகளைப் போல என்னைக் கிளர்ச்சியுறச் செய்தவை என் பணிக்காலத்தில் வேறில்லை. நான் வாசிப்பேன். “தறிக்காரர் ஒருவரின் மகன், பழனிசாமி.” அவர் நெற்றியில் அடித்துக்கொள்வார். “மறுபடியும் பழனிசாமியா? அவருக்கு நான் நாஊம்னு வெச்சிருந்தேனுங்க. ஆறுதல் சொல்றவருன்னு அர்த்தம்.” நான் அடுத்ததை வாசிப்பேன். “மாரியம்மாள்.” அவர் நோட்டைப் பார்த்து, “அவங்க எனக்கு தெபோரா. தேனீ” என்பார்.

அந்தப் பொருள்கள்தாம் என்னைப் பிடித்துக்கொண்டன. தெபோரா என்றால் தேனீ. ராகேல் என்றால் பெண்ணாடு. ஹாயேல் என்றால் மலையாடு. ஹோனாஸ் என்றால் புறா. பாலைவனத்தில் ஆடு மேய்த்த மக்கள் தம் கண்முன் நடந்ததையும் பறந்ததையும் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்! ஒரு நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே சொன்னேன்.

“அம்மா, எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. மயிலாத்தாள். கிளியாத்தாள்.”

“மயிலா? கிளியா?” அவர் கைதட்டினார். பிரசவ அறையிலிருந்து அன்னம்மாள் எட்டிப் பார்த்தார். “அன்னம்மா, இங்க வாங்க! இவங்க ஊருலயும் அதே ஆளுங்க இருந்திருக்காங்க!”

எந்த ஆள்கள் என்று அன்னம்மாளுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

எல்லாப் பெயர்களும் அவரை மகிழ்வித்தன என்று எழுதினால் அது உண்மையாகாது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்த ஒரு வீட்டில் குழந்தைக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் சேர்த்ததை வாசித்தபோது, நோட்டை மூடிவிட்டார். மறுநாள் அந்த வீட்டுக்கே போனாராம். சண்டை போடவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் புறப்படும்போது, “எனக்குப் போதலைங்க” என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பெயர் மாறவில்லை. அவர் அந்த வீட்டுக்குப் போவதும் நிற்கவில்லை.

இனி என் வீட்டு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு முதலில் பிறந்த குழந்தைகள் இருவரும் பெயர் சூட்டிய சில நாள்களுக்குள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். அவ்விரண்டு பிறப்புகளும், அவ்விரண்டு இறப்புகளும் என் அலுவலகப் பதிவேட்டிலேயே உள்ளன. மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிலாரம்மாவின் கையில் பிறந்தது. என் மனைவி சரசுவதி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“இதுக்குப் பேரு வெக்க வேண்டாமுங்க. பேரு வெச்சாத்தான் போயிருது.”

மாதங்கள் போயின. பிறருடைய கட்டம் வெறுமையாக இருந்தால் நினைவூட்டுச் சீட்டு அனுப்பும் நான், என் மகளின் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்பினேன். ஓராண்டு முடியச் சில வாரங்களே இருந்தபோது, என் மனைவியின் அண்ணன் ராசிபுரத்திலிருந்து வந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை அவர்தாம் நினைவூட்டினார். முன் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த குழந்தையை முறத்தில் கிடத்தி, வேறொரு வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவள் பெயர் வைத்து, “இது எம் புள்ளை, நீ வளத்துக் குடு” என்று திருப்பிக் கொடுப்பாள். அதன்பின் அந்தக் குழந்தை இந்த வீட்டுக் கணக்கில் இல்லை. வந்த சாவு ஏமாந்து போகும் என்பது நம்பிக்கை. இத்தகைய நம்பிக்கைகளில் எனக்குப் பற்றில்லை. ஆனால் என் மனைவி ஓராண்டில் முதல்முறையாகத் தலையசைத்தாள்.

“பிலாரம்மாவுக்கே வித்துருங்க” என்றாள்.

மச்சான் பதறினார். “ஏம்புள்ள, அவங்க புள்ளை பெறாதவங்க. அவங்க கையில போயி—”

“ஊருல பாதிப் புள்ளைக அந்தக் கையிலதான் பொறந்துச்சு, போங்கண்ணா.”

வழக்கத்தைப் பிலாரம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கண்கள் விரியக் கேட்டார். தவிடு என்றால் எவ்வளவு என்று கேட்டார். ஒரு படி என்றேன். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அரிசி ஆலையிலிருந்து ஒரு மூட்டை தவிடு! மூட்டைக்குப் பக்கத்தில், வெள்ளை அங்கியெல்லாம் தவிட்டுத் தூளோடு, பிலாரம்மா.

“ஒரு படி போதுமுங்க!” என்றார் மச்சான்.

“இவ்வளவு பெரிய கொழந்தைக்கு ஒரு படியா? நான் ஏமாத்த மாட்டேனுங்க சாமி.”

எங்கள் பசு அந்தத் தவிட்டை ஒரு மாதத்துக்கு மேல் தின்றது.

முறத்திலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். தெருப் பெண்கள் ‘தவிட்டாயி’ என்றோ ‘குப்பாயி’ என்றோ சொல்வாரென்று காத்திருந்தனர். அவர் குழந்தையையே பார்த்துச் சொன்னார்.

“செஃபோரா.”

“என்னங்க?” என்றார் மச்சான். உடனே என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க மாப்ள, வேதத்துல சேந்துட்டீங்களா? தாய்மாமன் நான் ஒருத்தன் நிக்கறேன், ஒரு வார்த்தை சொல்லலாமுல்ல?”

“கோயில் பேரு இல்லீங்க சாமி” என்றார் பிலாரம்மா. “கெணத்துல தண்ணி எறைச்சு ஆட்டுக்கு ஊத்துன ஒரு பொண்ணு பேரு. பறவைன்னு அர்த்தம். குருவி.”

“அப்பச் சிட்டுன்னே வெச்சிருக்கலாமே!”

“சிட்டு இந்தத் தெருவுலயே ரெண்டு பேரு இருக்காங்க. சாவு வந்து சிட்டு எங்கேன்னு கேட்டா யாராச்சும் கையைக் காட்டிருவாங்க. செஃபோரா எங்கேன்னு கேட்டா யாருக்குங்க தெரியும்? இந்தப் பேரு இந்தச் சீமையிலயே ஒருத்தருக்குத்தான் இருக்குது.”

“யாருக்குங்க?”

“எனக்கு.”

அப்போதுதான் அதுவரை எவரிடமும் சொல்லாததைச் சொன்னார். அவர் பெற்றோருக்கும் முதல் இரு பெண்கள் தங்கவில்லை. ஒருத்தி மரியா, ஒருத்தி கார்மென். மூன்றாவதாக இவர் பிறந்தபோது, அவர் தந்தை நாட்காட்டியை ஒதுக்கிவிட்டு, அந்த ஊரில் எவரும் ஒருநாளும் கூப்பிட்டிராத பெயர் ஒன்று வேண்டுமென்று வேதப் புத்தகத்தைப் புரட்டித் தேடினாராம். அந்தப் பெயரோடு இவர் வளர்ந்தார். பத்தொன்பதாம் வயதில் மடத்தில் சேர்ந்தபோது, சபையின் வழக்கப்படி அது நீங்கி மரியா பிலார் ஆனார்.

“அன்னைக்கிலேருந்து அந்தப் பேரு சும்மா கெடக்குதுங்க. நல்ல பேரு. ஒரு ஆளைக் காப்பாத்தியிருக்குது. இவங்க எடுத்துக்கட்டும்.”

மச்சான் தம் மடியிலிருந்து வெள்ளி அரைஞாணை எடுத்துக் குழந்தைக்குக் கட்டினார். ஓராண்டு முடிய ஒன்பது நாள்கள் இருந்தன. என் சொந்தக் குழந்தையின் பதிவை நானே எழுதுவது முறையன்று என்பதால், உடன் பணியாற்றியவரைக் கொண்டு எழுதுவித்தேன்.

இங்கே நாங்கள் ஒரு தவறு செய்தோம். நம்மவர்களைத் தவிர வேறெவரும் செய்திருக்க முடியாத தவறு.

பெரியவர் ஒருவரின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டினால், அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கும்வரை அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. மாமனாரின் பெயர் கொண்ட மகனை மருமகள் வேறெதையாவது சொல்லித்தான் அழைப்பாள். பிலாரம்மாவின் பெயர் என்று தெரிந்த பின் என் மனைவி அதை உச்சரிப்பாளா? மகள் ‘அம்மிணி’ ஆனாள். தெருவுக்கும் அம்மிணி, மச்சானுக்கும் அம்மிணி, எனக்கும் அம்மிணி.

இதைப் பிலாரம்மா முதலில் கவனிக்கவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அம்மிணிங்கறது யாருங்க?”

விளக்கினோம். அவர் முகத்தில் அப்படியொரு ஏமாற்றத்தை நான் பார்த்ததில்லை.

“கூப்புடறதுக்குத்தானுங்க குடுத்தேன்! பூட்டி வெக்கறதுக்கா?”

“பெரியவங்க பேரை எப்படிங்க சொல்லிக் கத்தறது?” என்றாள் சரசுவதி. “‘ஏய் செ—’ பாருங்க, வாயே வரமாட்டேங்குது.”

“நீங்களே கூப்பிடலாமே அம்மா” என்றேன்.

“எம் பேரை நானே சொல்லி நானே கேட்டு என்னங்க பிரயோசனம்? நாப்பது வருசமா யாரும் அதைச் சொல்லி நான் கேக்கலை. ஒருக்காக் கேக்கோணும். அவ்வளவுதான்.” பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு பேரை ஒருத்தராவது கூப்புடோணுமுங்க. இல்லாட்டி அது காஞ்சு போயிரும்.”

அதன்பின் அவர் வரும்போதெல்லாம் மகள் தெருவில் விளையாடினால், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சரசுவதி உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: “அம்மிணீ!” பிலாரம்மா என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். விதிகளை நிறைவேற்றுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, வீட்டு விதியை மீறத் துணிவு வரவில்லை.

வழி ஒன்று என் தொழிலிலிருந்தே கிடைத்தது. மகளுக்கு ஐந்து வயது நிறைந்தது. பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் எழுதியபோது பளிச்சென்று தோன்றியது: வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரை ஆசிரியை நாள்தோறும் உரக்க வாசித்தாக வேண்டும். அது விதி! அதில் அம்மிணிக்கு இடமே இல்லை. அன்றே சைக்கிளில் மருந்தகத்துக்குப் பறந்தேன். ஆம், அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும்.

பள்ளி திறந்த நாளன்று பிலாரம்மா, சலவை செய்த அங்கியும் புதிதாக மை பூசிய காலணியுமாக வந்தார். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற்றிருந்தேன். நாங்கள் இருவரும் ஒன்றாம் வகுப்பு அறைக்கு வெளியே, சன்னலோரமாகத் தாழ்வாரத்தில் நின்றோம். ஆசிரியை வாசிக்கத் தொடங்கினார். கந்தசாமி. உள்ளேன் டீச்சர். கலைச்செல்வி. உள்ளேன் டீச்சர். பிலாரம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மு. செஃபோரா.”

ஒரு சத்தமும் இல்லை.

சன்னல் வழியே பார்த்தேன். என் மகள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் அவளுடையது என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை! விண்ணப்பம், வயதுச் சான்று, அனுமதிக் கடிதம் அனைத்தையும் சரிபார்த்தவன், அந்த ஒன்றைச் சரிபார்க்கவில்லை.

“செஃபோரா!” என்றார் ஆசிரியை மறுபடியும், உரக்க.

“ப்ரெசெந்தே!”

என் பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். கணீரென்ற, ஒரு சிறுமியின் குரல். பிலாரம்மா கையை உயர்த்தியபடி, விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன்’ என்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம். சொல்ல வேண்டுமென்று நினைக்கவே இல்லையாம், அதுவாக வந்துவிட்டதாம்.

வகுப்பே சன்னல் பக்கம் திரும்பியது. ஓர் ஊர்க் குழந்தைகள் மொத்தமும் சிரிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்பதை அன்று கேட்டேன்.

“யாருங்க அது, ஒண்ணாங்கிளாசுல புதுசாச் சேந்திருக்கறது?” என்றார் ஆசிரியை. அவரும் பிலாரம்மாவின் கையில் பிரசவித்தவர்தாம்.

பிலாரம்மா வெட்கத்தால் சிவந்து, சன்னல் கம்பி வழியே என் மகளைச் சுட்டிக் காட்டினார். “நீங்கதானுங்க சாமி! அது நீங்கதான்! சொல்லுங்க!”

மகள் எழுந்து நின்றாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “உள்ளேன் டீச்சர்” என்றாள்.

மருந்தகம்வரை அவர் நடந்தே வந்தார், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். “கேட்டீங்களா? கேட்டீங்களா?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்தருகே நின்று, “ரெண்டு தடவை கூப்புட்டாங்க!” என்றார். ஒரு முறை கேட்க ஆசைப்பட்டவருக்கு இரு முறை கிடைத்தது, என் கவனக்குறைவால்.

அன்று மாலை வெற்றியுணர்வோடு சரசுவதியிடம் வந்து வாதாடினார். பள்ளியே கூப்பிடுகிறது, இனி வீட்டிலும் கூப்பிடலாம் அல்லவா?

“அவங்க டீச்சருங்க, அவங்க கூப்புடலாம். நீங்க உசுரோட நல்லா இருக்கற வரைக்கும் எங்க வாயில அந்தப் பேரு வராதுங்க” என்றாள் என் மனைவி.

“அப்ப நான் சாவோணுமா?”

“அய்யோ, என்னங்க பேச்சு இது!”

பிலாரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “சரீங்க. நான் போன பின்னாடி நல்லாச் சத்தமாக் கூப்புடுங்க. மேல கேக்கோணும்.”

அதன்பின் ஏறத்தாழ எட்டாண்டுகள் இருந்தார். பிரசவம் பார்ப்பதை விட்ட பிறகும், மாதாந்திரப் பெயர்களைக் கேட்பதை விடவில்லை. கடைசியாகச் சென்ற மாதத் தொடக்கத்தில் மகளோடு போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். ரமேஷ், சுரேஷ், மகேஷ் என்று வாசித்தேன். “எல்லாம் ஒரே அச்சுல வார்த்திருக்காங்க” என்று முகம் சுளித்தார். ஆட்டையாம்பட்டிப் பக்கத்துப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கிளியாத்தாள் என்று வைத்திருந்ததை வாசித்தபோது எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “இன்னும் இருக்காங்களா! அந்த வீட்டுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டேன்.

அவர் அடக்கத்தன்று ஊரின் தறிகளெல்லாம் பிற்பகலில் நின்றன. எவரும் அறிவிக்கவில்லை. கூட்டத்தில் நின்றவர்களைப் பார்த்தபோது, இவர்களில் எத்தனை பேர் சில நாள்களாவது நாஊமாகவும் தெபோராவாகவும் ராகேலாகவும் இருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அவர்களுக்கு அது தெரியாது. இக்கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

அம்மா, நீங்கள் எங்கள் பிள்ளைகளை முதலில் தொட்டவர், முதலில் பெயர் சொல்லி அழைத்தவர். போய் வாருங்கள்.

என் வீட்டில் இன்னும் அந்தப் பெயர் எழவில்லை. தடை நீங்கி இன்றோடு பத்தொன்பது நாள்கள் ஆகின்றன. சரசுவதி வாய் திறக்கிறாள், அழுகை வருகிறது, “அம்மிணி” என்று முடித்துவிடுகிறாள். நேற்று இரவுச் சாப்பாட்டின்போது, “மொதல்ல நீங்க கூப்புடுங்க, அப்பறம் எனக்கு வந்துரும்” என்றாள். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெயரை எழுதுவித்திருக்கிறேன், சான்றொப்பமிட்டிருக்கிறேன், பள்ளி விண்ணப்பத்திலும் குடும்ப அட்டையிலும் பிழையின்றிச் சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தெருக்கோடியில் தோழியரோடு நிற்பது சன்னல் வழியே தெரிகிறது. சரசுவதி அடுப்படியில் இருக்கிறாள். பாத்திரச் சத்தம் நின்றிருப்பதால், நான் எழுதி முடிக்கக் காத்திருக்கிறாள் என்று அறிகிறேன். பேனாவை மூடிவிட்டு நான் வாசலுக்குப் போகப் போகிறேன். தெருக்கோடிவரை எட்டும்படி என் மகளைப் பெயர் சொல்லி அழைக்கப் போகிறேன். “ஏனுங்கப்பா?” என்று இம்முறை ஒருத்தி மட்டுமே பதில் சொல்வாள். அதற்கும் நான் பழகிக்கொள்வேன்.